நண்டுக் கோதோடு மண்ணிவாக்கத்தில் ஒரு வாரம்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்தார். மேலே நான்கு சேலைகள், நடுவில் சர்க்கரை வியாதிக்கான மருந்துகள், அடியில் மூன்று கிலோ நண்டுக் கோது. நண்டின் ஓட்டை எங்கள் பக்கத்தில் கோது என்போம். அவர் அந்தப் பொலித்தீன் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“என்னம்மா இது?”

“நண்டுக் கோது.”

“நண்டு எங்க?”

“அது அமெரிக்காவுக்குப் போட்டுது.”

பகிடி விடுகிறேன் என்று நினைத்து முறைத்தார். நான் சொன்னது உண்மை. வடக்கிலங்கையில் பூநகரிப் பக்கம் எனக்கு ஒரு கொட்டில் இருக்கிறது. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்க அங்கே இருபத்திரண்டு பெண்கள். சதை தகரத்தில் அடைபட்டுக் கப்பலேறிவிடும். கோது எங்களோடு தங்கிவிடும். கொட்டிலுக்குப் பின்னால் குழி தோண்டி அதில் போட்டு மூடுவோம். பல வருடமாக அப்படித்தான் செய்தோம். இந்த வருடம் குழிக்குப் பக்கத்துக் கிணறு நாறத் தொடங்கியது. கிணற்றின் சொந்தக்காரர் ராசலிங்கம் ஐயா, எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவரும் அவரே. “இந்த மாதம் முடியிறதுக்கிடையில குழியை நிப்பாட்டு, இல்லாட்டில் கொட்டிலை மூடு” என்று சொல்லிவிட்டார்.

அவரைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்தத் தண்ணீரை நானே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். விழுங்க முடியவில்லை.

மண்ணிவாக்கத்தில் தயாளன் என்பவர் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்று ஒரு பொருள் எடுப்பதைக் கைபேசியில் பார்த்தேன். எழுதிக் கேட்டேன். “உங்க நண்டு ஓட்டைக் கொண்டாங்க, செஞ்சு பார்த்துடலாம்” என்று பதில் போட்டார். அவருடைய கடிதத்தையும் எங்கள் ஊர்ச் சான்றிதழ்களையும் அதிகாரியிடம் நீட்டினேன். அவர் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தார். பிறகு பையை மூக்கருகே கொண்டுபோனார்.

“நாத்தமே இல்லையே!”

“எங்கட பிள்ளையள் நல்ல துப்புரவு” என்றேன். பெருமை தாங்கவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் அறை. ஜன்னலைத் திறந்தால் ஜிஎஸ்டி சாலை முழுவதும் அறைக்குள் வந்துவிடும், மூடினால் வேர்த்துக் கொட்டும். மாலையில் கீழே இறங்கி இட்லி சாப்பிட்டேன். மூன்று சட்னி, ஒரு சாம்பார். எங்கள் ஊரில் கடைக்காரரிடம் இரண்டாம் முறை சம்பல் கேட்டால் முகம் சுருங்கும். இங்கே நான் வேண்டாம் என்று கையால் மறைக்க மறைக்க, விரல் இடுக்கால் சாம்பாரை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். தேநீர் மட்டும் சரியில்லை. சின்னக் கண்ணாடிக் குவளையில் பாலும் சீனியும், பேருக்குக் கொஞ்சம் தேயிலை. என் மருந்துகளை நினைத்துக்கொண்டே குடித்தேன்.

மறுநாள் காலை வண்டலூருக்கு மின்சார ரயில் பிடித்தேன். தாம்பரத்தில் பெட்டி முழுக்க இறங்கியது. நல்லதாய்ப் போயிற்று என்று காலை நீட்டி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நடைமேடையில் நின்ற இரண்டு வடநாட்டு இளைஞர்கள் என்னைப் பார்த்து இந்தியில் பேசிக்கொண்டார்கள். தொலைக்காட்சித் தொடர் பார்த்துப் பார்த்து எனக்குக் கொஞ்சம் இந்தி விளங்கும்.

“இந்த அம்மா ஷெட்டில் படுத்துத் தூங்கப் போகிறாள் போலிருக்கிறது,” என்றான் ஒருவன்.

“சொல்லிவிடலாமா?”

“நமக்குத் தமிழ் தெரியாதே.”

அந்த வண்டி தாம்பரத்தோடு சரி என்று அப்போதுதான் உறைத்தது. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. என் ஒரு செருப்பு உள்ளேயே இருந்துவிட்டது. இளைஞர்கள் இருவரும் மிகுந்த மரியாதையோடு சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மற்றச் செருப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, நிலையத்துக்கு வெளியே ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறினேன்.

தயாளனின் தகரக் கொட்டகை மண்ணிவாக்கத்தில் ஒரு மனைப்பிரிவின் கடைசியில் இருக்கிறது. அவர் குடும்பத்துக்கு அங்கே நெல் வயல் இருந்ததாம். அண்ணன்மார் தங்கள் பங்கில் அடுக்குமாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வேதியியல் படித்த தம்பி தன் பங்கில் இறால் ஓட்டைக் குவித்து வைத்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும், பேச்சில் அவசரமே இல்லாத மனிதர்.

“வீட்டுக்குள்ள நேரா போக முடியாது மேடம். ஒய்ஃப் வாசல்லயே எனக்குன்னு ஒரு பைப் போட்டு வெச்சிருக்காங்க” என்றார்.

முதலில் ஒரு வித்தை காட்டினார். பக்கத்து ஏரியிலிருந்து ஒரு கண்ணாடிச் சாடியில் கலங்கல் தண்ணீர் எடுத்து, அதில் கஞ்சி போன்ற எதையோ சில சொட்டு விட்டுக் கலக்கி வைத்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சேறு திரிதிரியாகத் திரண்டு அடியில் இறங்கியது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அந்தக் கஞ்சிதான் இறால் ஓட்டின் கைட்டோசான். புண்ணுக்கு வைத்துக் கட்டும் துணியிலும் சேர்க்கிறார்களாம், மிளகாய்ச் செடிக்கும் தெளிக்கிறார்களாம். எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. மனதுக்குள் ராசலிங்கம் ஐயாவின் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொட்டிகளுக்குப் பொறுப்பு மல்லிகா. கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்காரி. முன்பு தாம்பரம் சந்தையில் மீன் விற்றவர். இப்போது தினமும் ஓட்டு மூட்டைகள் வரும் டெம்போவிலேயே ஏறி வந்துவிடுகிறார். எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை அக்கா என்றார். கடைசிவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

“ரப்பர் செருப்பா? கரீட்டு. தோலுன்னா ஆசிட்டுல பூடும்” என்று என் காலைப் பார்த்துச் சொன்னார். காரணத்தை நான் சொல்லவில்லை.

வேலையை அவரே விளக்கினார். ஓட்டில் மூன்று சங்கதி இருக்கிறது. சுண்ணாம்பு, ஒட்டிக்கொண்டிருக்கும் சதைச்சத்து, இரண்டையும் கழித்தால் மிஞ்சுகிற நார். சுண்ணாம்பை ஆசிட் எடுக்கும். சதையை காஸ்டிக் சோடா எடுக்கும். மிஞ்சியதைக் கெட்டியான காஸ்டிக்கில் இன்னொரு முறை வேகவைத்தால் சரக்கு தயார். அது வினிகரில் கரைந்தால் கைட்டோசான், கரையாவிட்டால் குப்பை.

“ஆசிட் வேலை முடிஞ்சிதுன்னு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன்.

“நொரை வரும்க்கா. நொரை அடங்கிச்சின்னா முடிஞ்சிதுன்னு அர்த்தம். இத்தினி வருசமா அதான் கணக்கு.”

நண்டில் இறாலைவிடச் சுண்ணாம்பு அதிகம் என்று தயாளன் ஆசிட்டைக் கூடுதலாகவே அளந்தார். நான் கொண்டுபோன கோதில் பாதியைத் தொட்டியில் போட்டோம். போட்டதுதான் தாமதம், நுரை பொங்கி விளிம்பைத் தாண்டித் தரையெல்லாம் ஓடியது.

“இன்னாக்கா இது, பொங்கப் பான கணக்கா பொங்குது! தள்ளி நில்லு, தள்ளி நில்லு!” மல்லிகா குழாயைத் திருப்பித் தரையில் தண்ணீரை அடித்தார். தயாளன் சிரித்தார். எங்கள் நண்டுக்கு நல்ல வீரியம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். சற்று நேரத்தில் நுரை அடங்கியது. மல்லிகா தலையாட்டினார். கழுவி காஸ்டிக்கில் போட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

மூன்றாம் நாள் காலை கொட்டகையில் நுழையும்போது தூரத்தில் ஓர் உறுமல் கேட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“சிங்கம்க்கா. வண்டலூர் ஜூ. பசிக்குது போல” என்றார் மல்லிகா, பக்கத்து வீட்டு நாயைச் சொல்வதுபோல. எங்கள் ஊரில் அதிகாலையில் கேட்பது வள்ளங்களின் எஞ்சின் சத்தம்தான்.

அன்று முழுவதும் வேகவைத்தலும் கழுவலும். நான் ரப்பர் கையுறையோடு சுற்றி வந்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். மத்தியானம் மல்லிகா தன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, மாங்காய் போட்டது. எங்களைப்போல் தேங்காய்ப்பால் விடவில்லை. புளி தூக்கலாக, காரம் கண்ணில் நீர் வரவைக்கிற அளவுக்கு இருந்தது. தேங்காய்ப்பால் இல்லாத மீன்குழம்பு ஒரு குழம்பா என்று ஐம்பது வருடம் பேசித் திரிந்தவள் நான். பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள்தான் பரீட்சை. உலர்ந்த துகளை ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு, நீர்த்த வினிகர் விட்டுக் கலக்கினார் தயாளன். காத்திருந்தோம். துகள் மணல் மாதிரி அடியில் கிடந்தது. இன்னும் கலக்கினார். அசையவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. தயாளன் என் முகத்தைப் பார்க்காமல், “நண்டு கொஞ்சம் கஷ்டம்தான் மேடம்” என்றார்.

நான் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஊரில் இருபத்திரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் “சரிவந்திட்டுதோ அக்கா?” என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் வேறு வருமானம் கிடையாது. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

மல்லிகா குவளையை எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

“சார், வினிகருல பொடிப் பொடியா குமிழி வருது பாரு. சுண்ணாம்பு இன்னும் உள்ளாற கீது.”

“நுரை அடங்கினப்புறம்தானே எடுத்தோம்?”

“ஓட்டுல சுண்ணாம்பு தீந்தாலும் நொரை அடங்கும். ஆசிட்டு செத்துப் பூட்டாலும் அடங்கும். எறாலுல ஆசிட்டு சாவாது, அதனால நமக்கு வித்யாசம் தெரில.” மீதமிருந்த கோதுப் பையில் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்தார். கையெல்லாம் வெள்ளை. “யக்கா, இதுல சுண்ணாம்பு கிண்ணாம்பு தூவுனீங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “சுண்ணாம்பு குழிக்குத்தான் போடுறது, இதுக்கு எங்கட ஆக்கள் போடமாட்டினம். நான் பக்கத்தில நிண்டு கழுவிக் காயவைச்சுக் கொண்டந்தது.”

“கோச்சிக்காதக்கா. எங்க குப்பத்துலயும் மீன் குப்பைல தூவுவோம், நாத்தம் அடங்க. ஒரு தபா ஊருக்குப் போனப் போட்டு கேளு.”

சதை எடுக்கும் பெண்களுக்கு மூத்தவள் மகேஸ். அவளைப் பிடித்துக் கேட்டேன். மறுமுனையில் அவள் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“ஓமக்கா! நீங்கள் பயணம் வெளிக்கிட முதல் நாள் இரவு நாங்கள் எல்லாரும் சேர்ந்து நல்லாச் சுண்ணாம்பு போட்டுப் பிரட்டி, திருப்பிக் காயவைச்சுக் கட்டினனாங்கள். பிளேனில மணந்தால் உங்களுக்குத்தானே வெட்கக்கேடு? குழிக்குப் போடுறதைவிட ரெண்டு மடங்கு போட்டம். ஏனக்கா, மணந்ததோ?”

“இல்லை மகேஸ். மணக்கேல்லை” என்றேன். அளந்து விட்ட ஆசிட்டில் பெரும்பகுதியை அந்தச் சுண்ணாம்பே குடித்துத் தீர்த்திருக்கிறது. கோதில் கை வைக்க அதற்கு மிச்சம் இருக்கவில்லை. நான் விமான நிலையத்தில் பீற்றிக்கொண்ட துப்புரவு இதுதான். விஷயத்தை மகேசிடம் சொன்னேன். “கெடுத்துப்போட்டமோ அக்கா?” என்று கேட்டபோது குரல் உடைந்திருந்தது. அவளைத் தேற்றிவிட்டு வந்து மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“ஐயே, இதுக்கு இன்னாத்துக்குக்கா மன்னிப்பு? நானுந்தான் நொரைய நம்பிக் கவுந்தேன். வா, மிச்சத்தக் கழுவலாம்.”

மிச்சக் கோதை ஆறேழு தண்ணீரில் அலசினோம். கையில் வெள்ளை ஒட்டாத வரை விடவில்லை. இந்த முறை ஆசிட்டை ஒரேயடியாக விடாமல் இரண்டு தவணையாக விட்டார் தயாளன். நுரை அடங்கியதும் மல்லிகா ஒரு பச்சைக் கோதுத் துண்டைத் தொட்டிக்குள் எறிந்தார். அதில் நுரை எழுந்தால் ஆசிட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். எழுந்தது. தொட்டியிலிருந்த கோதை எடுத்து மடக்கிப் பார்த்தார். முறியாமல், ஈரத்தோல் மாதிரி வளைந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் மூச்சு வந்தது.

நடுவே ஞாயிற்றுக்கிழமை. மல்லிகா சொன்னபடி பூங்காவுக்குப் போய் அந்தச் சிங்கத்தைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, கேட்காமலே எனக்கும் ஒரு கை வைத்துத் தந்தது. சென்னைக்காரர்கள் முரடர்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த யாரோ சாம்பார் வாங்கிச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

திங்கட்கிழமை மறுபடியும் குவளை, வினிகர். துகள் முதலில் ஊறி உப்பியது. பிறகு ஓரங்கள் கரைந்தன. அரை மணி நேரத்தில் குவளையில் கோதே இல்லை, வடித்த கஞ்சிபோல் ஒன்று கரண்டியில் இழுபட்டது. மல்லிகா விசில் அடித்தார். தயாளன் அதில் சில சொட்டு எடுத்து ஏரித் தண்ணீரில் விட்டார். சேறு அடியில் இறங்கியது. எங்கள் பூநகரி நண்டு மண்ணிவாக்கத்துத் தண்ணீரைத் தெளியவைத்ததைப் பார்த்து நான் கைதட்டினேன்.

“அப்ப நான் ஊரில தொட்டி கட்டலாம்” என்றேன். கொப்பியில் கணக்கெல்லாம் தயாராக இருந்தது.

தயாளன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “கட்டாதீங்கக்கா” என்றார். அதுவரை மேடம் என்றவர் முதன்முறையாக அக்கா என்றார். “இந்த ஒண்ணரை கிலோவுக்கு எவ்வளவு தண்ணி செலவாச்சு, பார்த்தீங்க இல்ல? ஆசிட் தண்ணி, காஸ்டிக் தண்ணி, கழுவின தண்ணி. இதைச் சுத்தம் பண்ணத்தான் என் பாதி வேலையே. நீங்க ஒரு கிணத்துக்காக வந்திருக்கீங்க. இதை அங்க எங்க விடுவீங்க?”

நான் கொப்பியை மூடி மடியில் வைத்தேன். ஒரு வாரமாக எனக்குள் கட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலை சரிந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்பதும் அதே கணம் தெரிந்துவிட்டது.

“உங்க வேலை காய வைக்கிறதோட முடியட்டும். அன்னன்னிக்கு ஓட்டை அன்னன்னிக்கே கழுவி, வெயில்ல மொறுமொறுன்னு காய வெச்சு மூட்டை கட்டுங்க. சுண்ணாம்பு மட்டும் ஆகாது. உங்க நாட்டுலயே புத்தளத்துல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பெரிய அளவுல இதே வேலை செய்றார், தண்ணி சுத்தம் பண்ற வசதியோட. நண்டு ஓடு எடுத்துப்பார்.” அப்போதே அவரைக் கூப்பிட்டுப் பேசி, முதல் லோடை எடுத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கித் தந்தார். குவளையிலிருந்த கஞ்சியை அவரே அந்த மனிதருக்குப் படம் எடுத்து அனுப்பினார்.

கிளம்பும் நாள் காலை, குரோம்பேட்டை அறையிலிருந்து மகேசைக் கூப்பிட்டேன். தொழிற்சாலை இல்லை, வெறும் காய வைக்கும் வேலைதான் என்பதை எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். கழுவுவதும் காய வைப்பதும் கூடுதல் வேலை, அவர்கள் முணுமுணுப்பார்கள் என்றும் பயம். பாதி சொல்வதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

“அக்கா, நாங்கள் குழியை அண்டைக்கே மூடிட்டம்.”

“எண்டைக்கு?”

“நீங்கள் சுண்ணாம்புக் கதை சொன்ன அண்டைக்கு. சுண்ணாம்பு போடக்கூடாதெண்டால் பிறகு குழியில போட்டு என்ன செய்யிறது, மணக்கும்தானே? அதுதான் கழுவி, கொட்டிலுக்கு முன்னால வெயிலில பாய் விரிச்சுக் காயப்போட்டம். நாலு நாளாக் காயுது. மணமில்லை.”

நான் கடல் தாண்டி வந்து, ஆசிட்டில் கை வைத்து, ஒரு செருப்பைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டதை அவர்கள் ஒரு தொலைபேசி அழைப்போடு முடித்துவிட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

“ராசலிங்கம் ஐயா?” என்று கேட்டேன்.

“நேற்று வந்தவர். மூடின குழியைப் பார்த்தவர், பாயைப் பார்த்தவர், ஒண்டும் கதைக்காமல் திரும்பிப் போட்டார். பிறகு பின்னேரம் தன்ர பழைய வலை ரெண்டைத் தோளில போட்டுக்கொண்டு வந்தார். காகம் தூக்கும், மேல போடுங்கோ எண்டு தந்தவர்.”

“மாத முடிவைப் பற்றி ஏதும் சொன்னவரோ?”

“அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை அக்கா. போகேக்க திரும்பி நிண்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டவர். இந்தப் பாயெல்லாம் சரி, மாரி மழைக்கு என்ன செய்யப் போறீங்கள், கூரை போட வேணாமோ எண்டு.”

கைபேசியைக் காதில் வைத்தபடியே கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மாத முடிவில் கொட்டிலை மூடச் சொன்னவர் மழைக்குக் கூரை கேட்கிறார்; எங்கள் ஊரில் மாரி தொடங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது.